வாங்கிப் போட்ட பெயரும் வளைத்துப் போட்ட பெயரும்

பாலாற்றுக்குத் தெற்கே, ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளையும் உத்திரமேரூர் வட்டாரத்தில், இடத்தைக் கைக்கொள்ளும் செயலை மக்கள் இரண்டு தொடர்களால் பிரித்துச் சொல்வார்கள். விலை கொடுத்துப் பத்திரம் பதிந்த மனையை ஒருவர் கட்டாமலும் விற்காமலும் வைத்திருந்தால் அது வாங்கிப் போட்டது. பிறர் அனுபவத்திலோ ஊர்ப் பொதுவிலோ இருக்கும் இடத்தை வேலியடைத்து எடுத்துக்கொண்டால் அது வளைத்துப் போட்டது. முன்னதைச் சாமர்த்தியம் என்பார்கள், சிலர் பொறாமையோடும் பேசுவார்கள், பின்னது பழி. இணையத்தில் பெயர்களை வாங்கி விற்கும் வணிகம் கடந்த முப்பது ஆண்டுகளில் வளர்ந்தபோது உலகெங்கும் எழுந்த வழக்குகளும் வசைகளும் இந்த இரண்டுக்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்ற கேள்வியையே சுற்றி வந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நில உரிமையைக் கல்லிலும் காகிதத்திலும் எழுதிவைத்துத் தகராறு செய்தும் தீர்த்தும் வந்த ஒரு வட்டாரத்தின் வரலாறு, அந்தக் கோட்டைக் காண்பதற்குத் துணை செய்யும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919ஐயும் 921ஐயும் ஒட்டி, வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பெரிதும் பேசப்படுபவை. ஊர்ச் சபையின் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களுக்கு ஒருவர் பெயர் குடத்தில் இடப்பட வேண்டுமானால், கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும், தன் சொந்த மனையில் எடுத்த வீடும், 35க்கு மேல் 70க்குள் வயதும், வேதக் கல்வியும் அவருக்கு இருக்க வேண்டும். கல்வி மிகுந்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று தளர்த்தப்பட்டது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும் விலக்கப்பட்டனர். பிராமணர் குடியிருப்பான சதுர்வேதிமங்கலத்தின் சபை அது. உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அந்தக் குறுகிய வட்டத்துக்குள்ளேயும், நிலம் கையில் இருப்பது மட்டும் ஒருவரைத் தகுதியாக்கிவிடவில்லை. அந்த நிலத்துக்கு வரி கட்டுவதும், பொதுப்பணத்துக்குக் கணக்குக் கொடுப்பதும், பிறர் பொருளில் கை வைக்காமல் இருப்பதும் உரிமையோடு சேர்ந்தே எண்ணப்பட்டன.

உத்திரமேரூர் அன்று அடங்கியிருந்த காலியூர்க் கோட்டத்தையே சேர்ந்ததும் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருப்பதுமான உக்கல் என்னும் ஊரின் பெருமாள் கோயிலில், முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. சோழ, தொண்டை, பாண்டிய நாடுகளில் பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோருக்கு உரிய ஊர்களில், இரண்டு முழு ஆண்டுகள் வரி நிலுவை வைத்தவர்களின் நிலத்தை ஊராரே எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். உரிமை என்பது ஆண்டுதோறும் செலுத்தும் தொகையால் உயிரோடு வைக்கப்படுவது, தவறினால் குறித்த தவணைக்குப் பின் பிறர் கைக்குப் போகக்கூடியது என்ற ஏற்பாட்டை அந்தக் கல் தெளிவாகச் சொல்கிறது. தவணை தவறிய உரிமை இணையப் பெயர்களில் என்னவாகிறது என்பதைப் பின்னர் பார்க்கும்போது இந்த ஆணை நினைவில் இருக்க வேண்டும்.

உரிமையின் மறுபக்கத்தைச் செங்கல்பட்டு மிராசு முறை காட்டுகிறது. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியாருக்கு ஜாகீராகக் கிடைத்த இப்பகுதியில், ஊரின் முதற்குடிகள் என்று உரிமை கொண்டாடிய மிராசுதாரர்கள் ஊரைப் பங்குகளாகப் பிரித்து வைத்திருந்தனர். தமிழறிஞராகவும் அறியப்பட்ட எல்லீஸ் துரை மிராசு உரிமை பற்றிய பதினேழு கேள்விகளுக்கு எழுதி 1818இல் அச்சான விடைகள், அந்த உரிமை உழுத நிலத்தோடு நிற்காமல் ஊரின் தரிசுக்கும் பரந்திருந்ததை விளக்குகின்றன. பாயக்காரி எனப்பட்ட வெளிக்குடி ஒருவர் அந்தத் தரிசைத் திருத்திப் பயிரிட்டால், உழாத மிராசுதாரருக்குத் துண்டுவாரம், சாமிபோகம் என்ற பெயர்களில் விளைச்சலில் ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. ரயத்துவாரி முறை வந்து, தரிசு வேண்டுவோர் அரசுக்குத் தர்காஸ்து, அதாவது விண்ணப்பம், கொடுக்கலாம் என்று ஆன பிறகும், செங்கல்பட்டில் மிராசுதாரருக்கே முன்னுரிமை தரப்பட்டது. தலைமுறைகளாக உழைத்த பறையர் குடும்பங்கள் ஒரு துண்டுத் தரிசையோ குடியிருக்கும் மனையையோ தம் பெயருக்குப் பெற முயன்றபோதெல்லாம் இந்த முன்னுரிமை குறுக்கே வந்ததை, மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில் விரிவாகப் பதிவு செய்தார். 1892இல் பிறந்த அரசாணையைத் தொடர்ந்து அத்தகைய குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களே இன்று பஞ்சமி நிலம் எனப்படுகின்றன. அவையும் பிறர் கைக்கு மாறியதை எதிர்த்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த போராட்டம் 1994இல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. வெறுமனே கிடக்கும் ஒன்றை முந்தி வந்தேன் என்ற ஒரே காரணத்தால் அடைத்து வைப்பதும், பெரியவன் என்ற காரணத்தால் அதற்கு முன்னுரிமை கேட்பதும் எளியவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இந்த மண் அனுபவித்தே அறிந்திருக்கிறது.

1990களின் பிற்பகுதியில் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய பின், தெற்கே உத்திரமேரூர் வரையிலும் வயல்கள் மனைப்பிரிவுகளாக மாறின. வாங்கிப் போடுதல் நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பு முறையாயிற்று. பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் ஆகியவற்றைச் சரிபார்த்து வாங்கியவரை யாரும் குறை சொல்லவில்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோதும், பழி பெரும்பாலும் பிரித்து விற்றவர்கள் மேல் விழுந்ததே தவிர, காலி மனையை வைத்திருந்தவர்கள் மேல் விழவில்லை. நிலத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் பொதுமனம் இணையப் பெயர்களுக்கு வரும்போது ஏன் தடுமாறுகிறது என்பதை அந்த வணிகத்தின் வரலாற்றிலிருந்தே அறிய வேண்டும்.

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்களாலான முகவரி உண்டு. அந்த எண்களை நினைவில் வைப்பது கடினம் என்பதால் அவற்றுக்கு ஈடாகச் சொற்களைப் பதியும் ஏற்பாடு 1980களில் உருவானது. இப்படிப் பதியப்படும் சொல்லே டொமைன் பெயர். டாட்காம் என்று முடியும் முதற்பெயர் 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்துக்குப் பதியப்பட்டது. 1995 செப்டம்பர் வரை பதிவுக்குக் கட்டணமே இல்லை. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் என்று விதித்தார்கள். முந்தி வந்தவருக்கே பெயர் என்பதுதான் விதி; கேட்பவருக்கு அந்தப் பெயரோடு என்ன தொடர்பு என்று பதிவகம் விசாரிப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் தாய்ப்பத்திரம் கேட்காமலே விற்பனைப் பத்திரம் பதிவதற்கு ஒப்பான ஏற்பாடு அது.

1994இல் அமெரிக்கச் செய்தியாளர் ஒருவர் மெக்டொனால்ட்ஸ் உணவு நிறுவனத்தின் பெயரைத் தாமே பதிந்து, பெருநிறுவனங்கள் இணையத்தை எவ்வளவு அலட்சியப்படுத்துகின்றன என்று எழுதினார். நிறுவனம் ஒரு பள்ளியின் கணினி வசதிக்கு 3,500 டாலர் கொடுத்த பின் பெயரை ஒப்படைத்தார். அப்போது அது குறும்பாகவே பார்க்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. பேனாவிஷன் என்ற திரைப்படக் கேமரா நிறுவனத்தின் பெயரைப் பதிந்து, அதை விட்டுக்கொடுக்க 13,000 டாலர் கேட்டவர், மேலும் பல நிறுவனங்களின் பெயர்களையும் அதேபோல் பதிந்து வைத்திருந்தார். 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறர் உழைத்துப் புகழ்பெறச் செய்த பெயரை அவரிடமே விற்பதற்காகவோ அவருடைய வாடிக்கையாளரைத் திசைதிருப்புவதற்காகவோ பதிவதுதான் சைபர் ஸ்குவாட்டிங், அதாவது பெயர் ஆக்கிரமிப்பு, என்ற பொருள் அந்த வழக்குகளில்தான் திரண்டது. 1999 நவம்பரில் அமெரிக்கா இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பெயர்களை மேலாளும் ஐகான் என்ற அமைப்பும் அதே ஆண்டில் உலகப் பொதுவான தகராறுத் தீர்வு விதிகளை ஏற்றது. அதே 1999இல், 1997இல் 1,50,000 டாலருக்குக் கைமாறியிருந்த பிசினஸ் டாட்காம் என்ற பெயர் 75 லட்சம் டாலருக்கு விலைபோனது. யாருடைய வணிகப் பெயரும் அல்லாத, அகராதியில் உள்ள ஒரு பொதுச்சொல்லின் விற்பனை அது. ஆக்கிரமிப்பு வழக்குகளும் இந்த விலைச் செய்தியும் ஒரே ஆண்டில் நாளிதழ்களுக்கு வந்து சேர்ந்ததால், இரண்டும் ஒரே தொழில் என்ற எண்ணம் பொதுமனத்தில் ஊன்றியது.

பெயர் முதலீடு என்று அதைச் செய்வோர் அழைக்கும் தொழில் உண்மையில் எப்படி நடக்கிறது என்றால், பொதுச்சொற்களையும் ஊர்ப் பெயர்களையும் எளிதில் நினைவில் நிற்கும் சிறு சொற்களையும் பதிந்தோ பிறரிடம் வாங்கியோ வைத்து, ஆண்டுக் கட்டணம் கட்டிக் காத்து, தேவைப்படுபவர் வரும்போது விற்பார்கள். அதுவரை அந்தப் பக்கத்தில் விளம்பரங்களை இட்டுச் சிறு வருவாய் பெறுவோரும் உண்டு. பெரும்பாலான பெயர்கள் விலைபோவதில்லை. கட்டிய கட்டணமே நட்டமாகும். தவணை தவறிய பெயர்களைப் பிடிப்பது இத்தொழிலின் முக்கியமான கிளை. டாட்காம் பெயர் ஒன்றின் காலம் முடிந்த பின், பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாள் பொறுக்கலாம். அடுத்த 30 நாள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். பின்னும் 5 நாள் கழிந்தால் பெயர் பட்டியலிலிருந்து விழுந்து எவரும் எடுக்கத்தக்கதாகிவிடும். அந்த நொடிக்காகக் காத்திருக்கும் மென்பொருள்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு அதைப் பதியும். உக்கல் கல்வெட்டின் இரண்டு ஆண்டுத் தவணை இங்கே மூன்று மாதத்துக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கிறது. நிலுவை வைத்தவர் யார் என்று அறிந்த ஊரார் விற்பதற்குப் பதிலாக, யாரையும் அறியாத கணினி எடுத்துக்கொடுக்கிறது. உரியவரே கைவிட்ட பெயரை எடுப்பது குற்றமாகாது. ஆனால் புதுப்பிக்க மறந்த ஒரு சிறு கடையின் பெயரை, அந்தக் கடை இன்னும் நடக்கிறது என்று தெரிந்தே எடுத்து, கடைக்காரரிடமே பல மடங்கு விலை சொல்லும்போது, வாங்கிப் போடுதல் வளைத்துப் போடுதலாகிவிடுகிறது.

இந்தியாவில் பெயர் ஆக்கிரமிப்புக்கென்று தனிச் சட்டம் இன்றுவரை இல்லாததால், நீதிமன்றங்கள் வணிகச்சின்னச் சட்டத்தின் பழைய கோட்பாடு ஒன்றைக் கொண்டே இதை அணுகின. தன் சரக்கைப் பிறர் சரக்கு என்று நம்பவைத்து விற்கக் கூடாது என்பதே அந்தக் கோட்பாடு. 1999 பிப்ரவரியில் யாஹூ நிறுவனம், தன் பெயரோடு இந்தியா என்ற சொல்லைச் சேர்த்துப் பதிந்தவருக்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. அதே ஆண்டில் ரீடிஃப் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பதிந்தவரைப் பம்பாய் உயர் நீதிமன்றம் தடுத்தது. உச்ச நீதிமன்றம் இதில் முதன்முதலாக விரிவாகப் பேசியது, சென்னைத் தரமணியின் டைடல் பூங்காவிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் வழக்கில். தன் பெயரைச் சுருக்கி அந்நிறுவனம் 1999இல் உருவாக்கிய சிஃபி என்ற சொல்லைச் சிறு மாற்றத்தோடு வைத்துக்கொண்டு, பெங்களூரைச் சேர்ந்த வேறொரு நிறுவனம் பின்னர் தளங்களைப் பதிந்திருந்தது. பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்றம் கொடுத்த தடையாணையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் நீக்க, 2004 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. டொமைன் பெயர் முகவரியாக மட்டும் நிற்பதில்லை, வணிகத்தின் அடையாளமாகவும் வேலை செய்கிறது, ஆகவே வணிகச்சின்னத்துக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது அத்தீர்ப்பின் மையம். முதலில் பதிந்தேன் என்பது மட்டும் உரிமையாகாது என்று இந்தியச் சட்டம் உறுதிப்படுத்திய இடம் இது.

மறு ஆண்டில் டாட்இன் என்று முடியும் இந்தியப் பெயர்கள் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன. 2003இல் அமைக்கப்பட்ட நிக்சி என்ற நிறுவனம் அதை நடத்தியது. 2005 ஜனவரியில் வணிகச்சின்னம் வைத்திருப்போருக்கு முதலில் வாய்ப்புக் கொடுத்து, பிப்ரவரி 16 முதல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஏற்கெனவே பெயரெடுத்தவருக்கு முன்னுரிமை தருவதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் மிராசுதாரர் முன்னுரிமையைக் கண்ட மாவட்டத்தின் கண்ணுக்கு, அதே முன்னுரிமை பொதுச்சொற்களின் மேலும் படரும் ஆபத்து தெரியாமல் போகாது. நிக்சியின் தகராறு விதிகள் உலகப் பொது விதிகளைவிட இரண்டு வகையில் அகன்றவை. பொது விதியில் பெயர் தீய எண்ணத்தோடு பதியப்பட்டதும் பயன்படுத்தப்படுவதும் ஆகிய இரண்டையும் மெய்ப்பிக்க வேண்டும். இந்திய விதியில் இரண்டில் ஒன்று போதும். பொது விதி வணிகச்சின்னத்தை மட்டுமே காப்பாகக் கொள்கிறது. இந்திய விதி, முறையிடுபவருக்கு உரிமையுள்ள பெயர் என்று பொதுவாகவும் சொல்கிறது.

பொதுமக்களின் பார்வை இந்த நுட்பங்களின் வழியே நடப்பதில்லை. மனைக்கு எல்லைக்கல்லும் சர்வே எண்ணும் உண்டு, போட்ட முதல் கண்ணுக்குத் தெரியும். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் பதிந்த சொல்லுக்கு ஒருவர் லட்சங்கள் கேட்கும்போது உழைப்பும் முதலும் தெரிவதில்லை, விலை மட்டும் தெரிகிறது. இதனால் பொதுச்சொல்லை விற்பவரும் பிறர் பெயரைப் பறிப்பவரும் ஒரே வசையைப் பெறுகிறார்கள். எதிர்த்தரப்பில் பெருநிறுவனம் இருந்தால் அந்த வசை பரிவாக மாறுவதும் உண்டு. 2023இல், ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையக்கூடும் என்று கணித்து, தில்லியைச் சேர்ந்த மென்பொருளாளர் ஒருவர் இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பதிந்தார். இணைப்பு உறுதியான பின், 2024 அக்டோபரில், கேம்பிரிட்ஜில் படிப்பதற்கான செலவை அந்தப் பெயருக்கு விலையாகக் கேட்டுப் பொதுவெளியில் எழுதினார். பல லட்சம் கோடி மதிப்புள்ள குழுமத்துக்கு இது ஒரு பொருட்டா என்று கேட்டவர்கள் ஏராளம். பெயர் பின்னர் துபாயில் வாழும் இரு சிறார்களின் கைக்குச் சென்று, அவர்கள் விலையின்றியே தர முன்வந்ததும், 2025 பிப்ரவரியில் அதே பெயரில் தளம் தொடங்கியதும் செய்தியாயின. எளியவர் என்பதற்காக வந்த அந்தப் பரிவு மனிதத்தன்மை உடையதுதான். ஆனால் இரண்டும் பிறருடைய வணிகப் பெயர்கள், அவர்களிடமே விற்கும் எண்ணத்தோடுதான் பதியப்பட்டன என்பதால், உச்ச நீதிமன்றம் 2004இல் வகுத்த அளவுகோலில் அந்தச் செயல் தேறுவது கடினம். நேர்மாறான அநீதியும் இருக்கிறது. பொதுச்சொல்லை முறையாக வைத்திருக்கும் சிறியவரிடமிருந்து, வழக்கு என்று மிரட்டியே அதைப் பறிக்க முயலும் நிறுவனங்களை, உலகப் பொது விதிகளே தீய எண்ணத்தோடு முறையிட்டவர்கள் என்று கண்டிக்க இடம் தருகின்றன. பெயர் கடத்தல் என்று சொல்லத்தக்க இந்தக் குற்றம் பொதுப்பேச்சில் ஏறவே இல்லை.

உத்திரமேரூர் இன்று அடங்கியுள்ள காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி மிக அருகில் வந்து நிற்பது பட்டின் பெயரில். உடலையும் கரையையும் வெவ்வேறு நிற ஊடையால் தனித்தனியே நெய்து, ஒவ்வோர் இழையிலும் இரண்டையும் பூட்டிச் சேர்க்கும் கோர்வை என்ற முறையில், மூன்று நாடாக்கள் ஓடும். தறியில் அமர்ந்தவர் தவிர, ஒரு பக்கக் கரையின் நாடாவை எறிய இன்னொருவரும் வேண்டும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்ற புகழ் இப்படி இருவர் கை ஒத்து ஓடியதால் வந்தது. அந்தப் புகழே காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரின் மதிப்பு. 1999இல் இயற்றி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், தமிழக அரசின் கைத்தறித் துறை விண்ணப்பித்து, சென்னைக் கிண்டியில் உள்ள பதிவகத்தில் இப்பெயர் 2005-06இல் பதியப்பட்டது. குறிப்பிட்ட ஊரின் மண்ணாலோ கைத்திறனாலோ தரம் பெற்ற பொருளுக்கு, அவ்வூரார் எல்லாரும் கூட்டாக அனுபவிக்கும் பெயருரிமையே புவிசார் குறியீடு.

இணையத்தில் அந்தக் கூட்டுரிமைக்குக் காப்பு மெலிது. உலகப் பொது விதி வணிகச்சின்னத்தை மட்டுமே ஏற்பதால், புகழ்பெற்ற ஷாம்பெயின் மதுவின் உற்பத்தியாளர் சங்கமே, அந்தப் பெயரைக் கொலம்பியாவின் டாட்கோ என்ற முடிவோடு பதிந்தவருக்கு எதிராக 2011இல் முறையிட்டுத் தோற்றது. புவிசார் குறியீடு தன்னளவில் வணிகச்சின்னம் ஆகாது என்று நடுவர் சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்தின் பெயரை ரோமன் எழுத்தில் எழுத நான்கைந்து வழக்கங்கள் இருப்பதால், ஒவ்வொன்றோடும் பட்டு, சேலை என்று பொருள்படும் சொற்களைச் சேர்த்து எத்தனையோ பெயர்களை, தறியையே காணாத ஒருவரும் பதியலாம். விசைத்தறிச் சேலையை அந்தப் பக்கத்தில் வைத்து விற்கவும் வாய்ப்பிருக்கிறது. ஒரே நடுவர் விசாரிக்கும் முறையீட்டுக்கே உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு 1,500 டாலர் கட்டணம் பெறுகிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொரு முறையீட்டுக்கும் அதைக் கட்டிப் போராட முடியாது. ஊர்ப்பெயர் பொதுச்சொல் என்பதால் அதை வாங்கிப் போடுவது முதலீடு என்று வாதிடலாம். ஆனால் ஊர்ப்பெயரோடு அவ்வூர் நெசவாளரின் உழைப்பை ஏந்திய சொல்லையும் சேர்த்து, வேறிடத்துச் சரக்கை விற்கும்போது, அது ஊர்ப் பொதுவை வளைப்பதாகும்.

உத்திரமேரூர் சபையிலிருந்து மனைப்பிரிவு வரையிலான இந்த வட்டாரத்தின் நெடிய அனுபவம், பெயர்களுக்கும் பொருந்தும் மூன்று கேள்விகளைத் தருகிறது. எடுத்த பொருளில் முன்பே பிறர் உழைப்பு இருந்ததா என்பது முதற்கேள்வி. எடுத்தவர் அதை அறிந்தும், உழைத்தவரைக் குறிவைத்தும் எடுத்தாரா என்பது இரண்டாவது. தீர்ப்புச் சொல்லும் இடம் வலியவருக்கும் எளியவருக்கும் சமமாகத் திறந்திருக்கிறதா என்பது மூன்றாவது. சும்மா வைத்திருந்தார், குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்றார் என்பவை இந்தக் கேள்விகளில் இடம்பெறவில்லை. நிலத்தில் குற்றமாகாத அவை பெயரில் மட்டும் குற்றமாக நியாயமில்லை. முதல் இரண்டு கேள்விகளுக்கு நீதிமன்றங்கள் ஓரளவு விடை கண்டுவிட்டன. மூன்றாவதற்கு விடை காண்பது அரசின் கடமை. பெயர் என்ற அகன்ற சொல்லை ஏற்கெனவே கொண்டுள்ள இந்திய விதி, புவிசார் குறியீட்டை வெளிப்படையாகவே பெயரிட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குறியீடு பெற்ற ஒவ்வொரு பொருளின் பெயரையும் டாட்இன் முடிவில் அதற்குரிய உற்பத்தியாளர் சங்கங்களுக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். அவர்களின் முறையீட்டுக் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். அரசுக்கான இணைய முடிவுகளை எவரும் தொடாதபடி காக்கத் தெரிந்த அமைப்புகளுக்கு இது இயலாத வேலை ஆகாது. தரிசின் மேல் மிராசுதாரர் கொண்டாடிய முன்னுரிமையை அரசு தயங்கித் தயங்கிக் குறைத்ததற்கான விலையைச் செங்கல்பட்டின் உழைப்பாளிகள் நூறாண்டு கொடுத்தார்கள். பெயரின் காரியத்தில் அந்தத் தாமதம் மீண்டும் நேரக் கூடாது.